தராசும் மின்சுற்றும்: ஊவாத் தோட்டங்களில் அளவையின் வரலாறு

பெருந்தோட்டத்தின் வரலாற்றை எழுதியோர் நிலத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் கூலியைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். கருவிகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. தேயிலையின் முதற் கருவிகளோ சோதனை வடிவங்களாகவே தோன்றியவை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தமது பங்களாவின் விறாந்தையில் மேசைகளிட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரியிட்டு உலர்த்தினார். பின்னர் உருட்டும் பொறியொன்றையும் அமைத்தார். வரலாறு அவர் பெயரைப் பேணி வைத்திருக்கிறது. மேசையில் உருட்டிய கைகளுக்குப் பெயரில்லை.

ஊவாவில் இயந்திரம் முழு வளர்ச்சி பெற்ற நிலையிலேயே வந்து இறங்கியது. 1890இல் அப்புத்தளைக்கு அண்மையில் தம்பேதன்னவில் லிப்டன் கட்டிய தொழிற்சாலையும், 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையும் இதன் அடையாளங்கள். உற்பத்தியின் அறிவாற்றல்கள் கையுழைப்பிலிருந்து பிரிந்து, மூலதனத்தின் ஆற்றலாக உழைப்பாளியின் எதிரே நிற்பதை ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். ‘ஸ்டோர்’ என்று நம்மவர் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாட்டிய கொழுந்தைக் கையில் பிடித்து இறுக்கியே அதன் பதத்தை அறியும் தொழிலாளிக்கு, அவ்வறிவு அறிவெனக் கணிக்கப்படவில்லை. பொறியின் வரைபடமும் அவன் கைக்கு எட்டவில்லை.

ஆயினும் தோட்டத்தின் தலையாய கருவி ஸ்டோரில் இல்லை, மடுவத்தில் இருக்கிறது. கொழுந்து நிறுக்கப்படும் மடுவத்தில் தொங்கும் தராசே நாட்கூலியைத் தீர்மானித்து வந்துள்ளது. குறித்த நிறை தேறாதவளுக்கு ‘அரைப்பேர்’. அளவு இறாத்தலாயிருந்த காலத்திலும் கிலோவான பின்பும் இம்முறை மாறவில்லை. நிறுத்த பின்னர் சாக்குக்கென்றும், மழை நாளில் ஈரத்துக்கென்றும் கழிவு உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதைப் பறித்தவள் தீர்மானிப்பதில்லை. தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தராசின் முன்னர் அவளது நிலையோ சட்டத்தின் கண்ணிற் படாமலே இருந்தது. சம்பள நிர்ணய சபையூடாக 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும், பல தோட்டங்களில் நாளொன்றுக்குரிய கொழுந்தின் நிறை பற்றியே தகராறுகள் மூண்டன. கூலி உயரும்போது அளவும் உயர்த்தப்படுவது தற்செயலன்று.

இந்த அதிகாரம் கேள்விக்குள்ளான ஒரு கணமும் ஊவாவிலேயே நிகழ்ந்தது. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலையின்போது வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையொன்றை அமைத்தனர்; அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் தோட்டத்துரையும் இணங்கினார். சமசமாஜக் கட்சியின் தலைமையில் நிகழ்ந்த அப்போராட்டம், உற்பத்தி உறவுகளையே தொட்டது எனலாம். அதனைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் எழுதிச் செல்வது போதாது.

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் கருவியைத் தாமே செய்யும் வாய்ப்பைப் பெற நெடுங்காலம் சென்றது. 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலையின் வாசலிலேயே நின்றது. 1970களின் பிற்பகுதியிலேயே அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானது 2013இல். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டு 2005. அதே ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் பயிலாத மாணவரும் எளிதில் கையாளத்தக்கதாக ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை உருவாயிற்று. அதன் அமைப்பு எவரும் பார்க்கவும் திருத்தவும் வெளியிடப்பட்டது. முதலாளித்துவச் சந்தையில் பிறந்த பொருள்தான். எனினும் அதன் வரைபடம் பூட்டப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பலகையைக் கொண்டு மாணவர் செய்து பார்க்கும் எளிய கருவிகளுள் மின் தராசும் ஒன்று. உலோகச் சட்டமொன்றில் மெல்லிய உலோக இழைகள் ஒட்டப்பட்டிருக்கும். சுமை ஏறினால் சட்டம் கண்ணுக்குத் தெரியாதவாறு வளையும், இழை நீளும், அதன் மின்தடை மாறும். வீட்ஸ்டன் பாலம் என்னும் சுற்று அம்மாற்றத்தைச் சிறு மின்னழுத்தமாக்குகிறது. (1833இல் அச்சுற்றை வகுத்தவர் கிறிஸ்டி, பெயரோ பத்தாண்டு கழித்து அதனைப் பரப்பிய வீட்ஸ்டனுக்குப் போயிற்று. கருவிகளின் வரலாற்றிலும் இத்தகைய கழிவுகள் உண்டு.) அம்மின்னழுத்தத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, தெரிந்த எடையொன்றை வைத்து ஒப்பிட்டால் தராசு ஆயத்தமாகிவிடும்.

இங்கு மாணவன் ஒரு முடிவை எடுத்தேயாக வேண்டும்: பூச்சியம் எது? வெறும் பாத்திரத்தை வைத்து அதனைப் பூச்சியம் எனக் கொள்ளுமாறு செய்நிரலில் ஒரு வரி எழுதுகிறான். அவ்வரியில் இருநூறு கிராமைக் கூட்டி எழுதினாலும் தராசு முகம் கோணாது. திரையில் எண் அதே துல்லியத்தோடு ஒளிரும். இன்று சில தோட்டங்களில் மின் தராசுகள் வந்துள்ளன. எண் ஒளிர்வதனாலேயே நிறுவை நேர்மையாகிவிட்டது என்போர், கழிவு தராசுக்கோலிலிருந்து நிரலுக்குள் இடம் பெயரலாம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

மாணவன் செய்த தராசு வணிக நிறுவைக்கு உதவாது. அதற்கு அரச முத்திரை வேண்டும். ஆனால் வெறுஞ் சாக்கை அதில் வைத்துப் பார்க்கத் தடையேதுமில்லை. உலர்ந்த சாக்கு எத்தனை கிராம், நனைந்த சாக்கு எத்தனை கிராம் என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். மடுவத்தில் எத்தனை கழிக்கிறார்கள் என்பது அவனுடைய தாய்க்கு முன்பே தெரியும்.