சொந்த வீடும் சங்கமும்: திருப்பூரில் குடியிருப்போர் அமைப்புகள் உருவான வரலாறு

திருப்பூர் மாநகரில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு சில விஷயங்களையே சுற்றிவரும். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய தெருவை எப்போது மூடுவார்கள், ரிசர்வ் சைட்டில் கம்பிவேலி போட்டது யார், தெருநாய்த் தொல்லைக்கு என்ன வழி, கண்காணிப்புக் கேமராவுக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூல். கடைசியில் சுதந்திர தினக் கொடியேற்றமும் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசும். இவற்றில் எதுவும் அற்பமல்ல. ஆனால் அந்தத் தெருக்களிலேயே லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்து, பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறவர்களின் குரல் அந்தக் கூட்டத்தில் அரிதாகத்தான் கேட்கும்.

திருப்பூரின் தொழில் வரலாறு பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. தெருவின் வரலாறு அதில் ஓரமாகவே நிற்கிறது. இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். இந்த ஊரில் குடிமைச் சங்கங்கள் சொத்துரிமையை ஒட்டி வளர்ந்தன. முதலில் மில்லும் கம்பெனியும், பிறகு ஆயக்கட்டு நிலம், அதற்குப் பிறகு வீட்டுமனை. ஒவ்வொரு கட்டத்திலும் சங்கத்தைக் கூட்டியது தண்ணீர்.

திருப்பூர் 1917இல் நகராட்சியானது. அதற்கு முன் பொதுக்காரியம் என்றால் ஊர்க்கூட்டம். அதில் யார் உட்காரலாம், யார் எட்ட நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. நகராட்சி வந்த பிறகு எழுந்த புதிய வகை அமைப்புகளில் நாடறிந்தது தேசபந்து வாலிபர் சங்கம். 1932 ஜனவரியில் பி.எஸ். சுந்தரம் தலைமையில் போன ஊர்வலத்தில் அடிபட்டு, ஜனவரி 11 அன்று இறந்த குமரன் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர். அவரைக் கொடியோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். குடிமை வரலாறு எழுதுகிறவருக்கு முக்கியமானது அவர் சேர்ந்திருந்த சங்கத்தின் தன்மை. அதில் சேர வீடோ நிலமோ தேவைப்படவில்லை. சென்னிமலையில் பிறந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த ஓர் இளைஞர் அதன் முகமாக முடிந்தது. கதர் வியாபாரமும் பஞ்சு அரவையும் ஓங்கியிருந்த அந்த ஊரில்தான் 1920களின் நடுவில் முதல் பின்னலாடைக் கூடமும் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு அப்படியொரு திறந்த உறுப்பினர் அமைப்பு தெருமட்டத்தில் தொடரவில்லை. தொழில் வளர வளர, சங்கம் என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் முதலாளிகளும் தொழிலாளிகளும், அவரவர் வழியில்.

தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கம், சுருக்கமாக சைமா, 1956இல் உருவானது. பஞ்சாலை, பனியன் தொழிற்சங்கங்கள் இடதுசாரிகள் கையில் வலுவாக இருந்தன. 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பிறகு பெரிய கூடங்கள் உடைந்து வேலை சிறு யூனிட்டுகளுக்கும் காண்ட்ராக்டுக்கும் பிரிந்தது. உழைத்து மேலே வந்த கவுண்டர் முதலாளிகளின் எழுச்சியை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டியது அந்தச் சிதறலின் மறுபக்கம். யூனிட் சிதறியதும் கூடவே குடியிருப்பும் சிதறியது. மில் லைன் என்ற கூட்டு முகவரி போய், புறநகரில் எங்கு மனை மலிவோ அங்கெல்லாம் ஒரு செட் போட்ட கம்பெனியும் அதன் பக்கத்தில் வரிசை வீடுகளும் எழுந்தன.

1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது, ஆ. சக்திவேல் அதன் நிறுவனத் தலைவர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு நகராட்சி செய்ய வேண்டிய பலவற்றை இந்தச் சங்கம் தன் தலைமேல் போட்டுக்கொண்டது. அதன் உச்சம் தண்ணீர்த் திட்டம். தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் ஆகியவை கூடி 1995இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கின. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் அந்தத் திட்டம் 2005இல் ஓடத் தொடங்கியது. அதில் 12.5 கோடி லிட்டர் தொழிலுக்கு. மிச்சம்தான் நகராட்சிக்கும் வழியோர ஊர்களுக்கும். சாயப்பட்டறை கொடுக்கும் கூடுதல் கட்டணத்தில் வீட்டுக் குழாய்க்கு மலிவாகத் தண்ணீர் விடுவது என்பது கணக்கு.

இதைத் தனியார்மயம் என்று திட்டியவர்களும் உண்டு, தனியார் பங்களிப்பின் வெற்றி என்று புகழ்ந்தவர்களும் உண்டு. இரு தரப்பும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் முடிவு ஒரு தொழில் சங்கத்தின் மேசையில் நடந்தது. நகர்மன்றம் அதில் வாடிக்கையாளராக வந்து சேர்ந்தது. அந்த முன்னுதாரணம் தெருவரை இறங்கியது. ஒரு தெருவுக்கு ரோடு வேண்டுமானால் மனுவோடு நன்கொடையும் கொண்டுபோவது இன்றும் இங்கே இயல்பான காரியம். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்கள் அந்தப் பழக்கத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தன. பங்கு போட வசதியுள்ள தெரு முன்னால் போகும். மற்றத் தெரு காத்திருக்கும்.

இதே ஆண்டுகளில் ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு வகையான சங்கம் எழுந்தது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட அணை, ஈரோடு, கரூர் மாவட்டப் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. விவசாயிகளே “எங்கள் பக்கம் தண்ணீர் திறக்காதீர்கள்” என்று கேட்ட அணை வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்ய, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு என்ற நிபந்தனைக்கு உட்பட்டே மறுபடி திறந்தன. அதற்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர நேர்ந்தது. தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் பவானித் தண்ணீருக்கான தொழில் தேவையும் இறங்கி, 2005இல் போட்ட கணக்கு நிலைகுலைந்தது.

திருப்பூர்த் தெருவைப் பற்றிய கட்டுரையில் இந்த வழக்கு வருவதற்குக் காரணம் உண்டு. வழக்கைத் தொடுத்தவர்கள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நில உரிமையாளர்கள். சாயப்பட்டறைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து, கிணறும் போரும் சப்பைத் தண்ணீரானதை முதலில் கண்டவர்கள் திருப்பூர்க்காரர்கள். அவர்களிடமிருந்து இதற்கு இணையான வழக்கு கிளம்பவில்லை. பட்டறை நின்றால் வீட்டு வாடகை நிற்கும், வேலை நிற்கும் என்பது வீட்டு உரிமையாளருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் தெரிந்த உண்மை. மௌனத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு.

இனி வீட்டுமனைச் சங்கங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். திருப்பூரில் நலச்சங்கம் பிறக்கும் வழக்கமான இடம் லே-அவுட். விவசாய பூமியைப் பிரித்து மனை போடுகிறவர், அளவுக்கு மேற்பட்ட பரப்பென்றால் பத்தில் ஒரு பங்கைப் பொது ஒதுக்கீடாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் ரிசர்வ் சைட். பத்திரம் எழுதாமல் விட்டாலோ, எழுதியும் அளந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டாலோ, சில ஆண்டில் அந்த இடம் புதிய சர்வே உட்பிரிவோடு யாரோ ஒருவருக்குக் கிரயமாகிவிடும். எனவே சங்கத்தின் முதல் வேலை மனை வரைபட நகல் வாங்குவது. இரண்டாவது வேலை, பல இடங்களில், அந்தக் காலி இடத்தில் ஒரு பிள்ளையார் கோவில் கட்டுவது. பூங்காவுக்கென விட்ட இடத்தில் கோவில் கட்டுவதும் விதிமீறல்தான். ஆனால் கம்பிவேலிக்காரரைத் தள்ளி நிறுத்துவதில் தாசில்தாரைவிடப் பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்பது ஊர் அனுபவம்.

இந்தச் சங்கங்களில் சந்தா கட்டுகிறவர் வீட்டு உரிமையாளர். மனை எண்ணே உறுப்பினர் எண். அதே மனையில் உரிமையாளர் பின்பக்கம் கட்டிய ஐந்தாறு லைன் வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு எண் கிடையாது. கதவை அடைக்க யாரும் திட்டமிட்டதாகச் சொல்ல முடியாது, நேரமே அடைத்துவிடுகிறது. காலை எட்டரைக்கு உள்ளே போகும் டெய்லரும் செக்கிங் பெண்ணும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை ஆகும். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைப்பு, கறிக்கடை, ஊருக்குப் பணம் அனுப்புவது. சங்கக் கூட்டமும் அதே காலையில்தான். தென்மாவட்டத்துக்காரர்களுக்கே இந்த நிலை என்றால், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கும் இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் அவர்கள் பேசப்படும் பொருளாகவே வருகிறார்கள்: ஆதார் நகல் வாங்கியாயிற்றா, குப்பையை எங்கே போடுகிறார்கள்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான சான்றும் உண்டு. வாடகைக் குடியிருப்போருக்கு அமைப்பே இல்லை என்றால் தவறு. காலிக்குடத்தோடு சாலையில் உட்காரும் பெண்கள் கூட்டத்தை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும். அதாவது 1984 வேலைநிறுத்தத்தை நடத்திய அதே இயக்க மரபின் கிளைகள். கம்பெனி வாசலில் தொழிற்சங்கம் இளைத்த பிறகு, அதன் குடிமை வேலை தெருவில் தொடர்ந்தது எனலாம். நலச்சங்கம் மனு கொடுக்கிறது, இவர்கள் மறியல் செய்கிறார்கள். குழாய் ஒன்றுதான், கேட்கும் முறை இரண்டு.

2008இல் திருப்பூர் மாநகராட்சியானது. 2009இல் தனி மாவட்டம். 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் வீரபாண்டி, நெருப்பெரிச்சல், ஆண்டிபாளையம் உள்ளிட்ட எட்டு ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு, சுமார் 27 சதுர கிலோமீட்டர் ஊர் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2001இல் 3.44 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, விரிந்த எல்லையில் 2011 கணக்குப்படி 8.77 லட்சம். ஊராட்சியாக இருந்தபோது கிராம சபையில் எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்க முடிந்த ஒரு நெருப்பெரிச்சல்காரருக்கு, மாநகராட்சிக்குள் வந்ததும் அந்தச் சபை இல்லாமல் போனது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரில் வார்டு கமிட்டி வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லியிருந்தும் அது அப்போது நடைமுறைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பெரிய வெற்றிடம். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து ஆண்டுக்கு மேல் 60 வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. திருப்பூர் நலச்சங்கங்கள் இன்று காட்டும் தன்னம்பிக்கை இந்த ஆண்டுகளில் உருவானது என்பது என் கணிப்பு. உதவிப் பொறியாளரின் எண் யாரிடம் இருக்கிறதோ அவரே அந்தத் தெருவின் கவுன்சிலராக நடந்துகொண்டார். கொரோனா ஊரடங்கில் அரிசி கொடுத்ததும், எந்தச் சந்தை எங்கே மாறியது என்று சொன்னதும் அவர்களே. அங்கீகாரமில்லா மனைகளைப் பதியத் தடை விதித்த 2016 உயர் நீதிமன்ற உத்தரவும், அடுத்த ஆண்டு வந்த வரன்முறைத் திட்டமும் சேர்ந்து, சங்கமே இல்லாத மனைப்பிரிவுகளையும் ஒன்றுகூட வைத்தன. தனியாளாக அலைவதைவிட மொத்தமாகப் போவது லாபம்.

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைகள் கூடின. கிராம சபைக்கு நகரத்து இணை என்று சொல்லப்பட்டது. ஆனால் ஏரியா சபையின் பிரதிநிதி நியமனத்தில் வருகிறவர். வார்டு கமிட்டிக்குத் தலைவர் கவுன்சிலர். நியமனம் என்றாலே கட்சிக்காரர் பெயர் முந்தும். ஐந்து வருடத்துக்கு மேல் தெருவைக் கட்டி மேய்த்த நலச்சங்கத்தினர் இதை ரசிக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரியா சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், மனைப் பத்திரம் வேண்டாம். குமரன் காலத்துக்குப் பிறகு சொத்தைக் கேட்காத தெருமட்ட அமைப்பு, கட்சி, இயக்கக் கிளைகளை விட்டால், இதுதான். எந்த ஊரில் வாக்குரிமை என்ற கேள்வி, திண்டுக்கல்லிலோ பாட்னாவிலோ பெயர் வைத்திருப்பவரை மீண்டும் வெளியே நிறுத்துகிறது என்பது வேறு.

ஊர் எல்லையைத் தாண்டிய சில கூட்டு முயற்சிகள் வேறு பாதையில் போயின. 2016 பிப்ரவரியில் அவினாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம்வரை போன அத்திக்கடவு–அவினாசிக் கோரிக்கை, 2024 ஆகஸ்ட் 17 அன்று 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர் தரும் திட்டமாகத் திறக்கப்பட்டது. ‘வெற்றி’ என்ற அமைப்பு 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ தொழில்துறைப் பணத்தில் மரம் நட்டது. நல்லாற்றின் நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளத்தில் பறவைகளைக் கணக்கெடுத்துவந்த இயற்கை ஆர்வலர்களின் உழைப்புக்குப் பின்னே, அது 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் தலமாகவும் ஆனது. பைனாகுலர் வைத்திருப்பவர் எல்லாரும் அந்த ஆர்வலர்களோடு சேரலாம்.

குப்பை விஷயத்தில் மட்டும் பழைய கோடு அப்படியே தெரிகிறது. கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதே மாநகராட்சியின் வழக்கமாக இருந்தது. 2025இல் முதலிபாளையம், இடுவாய்ப் பகுதி மக்கள் லாரிகளை மறித்தார்கள். குழியில் இறங்கும் கழிவு தங்கள் கிணற்றுக்கு வரும் என்பது அவர்கள் வாதம், ஒரத்துப்பாளையத்தில் கேட்ட அதே வாதம். கொட்ட இடமில்லாமல் நகரத் தெருக்களில் குப்பை தேங்கவும், மாநகராட்சி தினமும் அள்ள வேண்டும் என்று குடியிருப்போர் கேட்டார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை, அள்ளச் சொன்னவர்களும் மறித்தவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேச, மாநகராட்சி எல்லையின் இரு பக்கத்தையும் சேர்த்த ஓர் அமைப்பு இன்னும் இல்லை.