சீதனமாக வந்த வேட்டை நாய்

மனிதன் தன் தொழிலுக்குத் துணையாகக் கொண்ட உயிர்களுள் நாய்க்குத் தனியிடம் உண்டு. எருது நுகத்துக்குப் பணிந்து இழுக்கும்; எருமை சேற்றை மிதிக்கும். அவற்றின் உடல் வலிமையே உழவனுக்குப் போதும். நாயோ தன் மூக்கையும் செவியையும் துணிவையும் கொண்டு, தானே ஆராய்ந்து, தானே முடிவு செய்து உழைப்பது. அத்தகைய உயிரை முதன்முறையாக வளர்க்க முற்படுவோர், “எந்தச் சாதி நாய் நல்லது?” என்று கேட்பது இயல்பு. இங்கிலாந்தின் பெட்லிங்டன் டெரியர் நன்றா, அதனை வேறு நாயோடு கலந்து பெற்ற கலப்பினம் நன்றா என்னும் வினாவும் அவ்வகையினதே. இதற்குரிய விடை நாய்களின் பட்டியலில் இல்லை. நாயும் மனிதனும் கூடி வாழ்ந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலம் அவ்வரலாற்றை நன்கு அறிந்த நிலமாகும்.

தமிழர்க்கு வேட்டை நாய் புதிதன்று. சங்கச் செய்யுட்கள் ‘ஞமலி’ என்னும் பெயரால் நாயைச் சுட்டுகின்றன. குறிஞ்சி நிலத்து வேட்டுவரோடு அது காட்டில் திரியும் காட்சி அவற்றிலே பலமுறை வருகிறது. மட்டக்களப்பிலோ இவ்வுறவு நூலில் மட்டும் நிற்கவில்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரையின் வயல் வெளிகளையும் குளங்களையும் கடந்து மேற்கே சென்றால், காடு வேடர்களின் பழைய நிலத்தோடு கலந்துவிடும். வடக்கே வாகரைப் பக்கத்தில் வாழும் கரையோர வேடர், தமிழைப் பேசிக் கடலிலும் களப்பிலும் மீன்பிடித்து வாழ்பவர்.

வேடரின் நாயைப் பற்றிய பழைய குறிப்பொன்றை விட்டுச் சென்றவர் ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே சிறைபிடிக்கப்பட்ட அவர், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத் தப்பிச் சென்றார். 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான அவருடைய நூல், வேடர் தம் பெண்மக்களை மணமுடித்துக் கொடுக்கும்போது வேட்டை நாய்களைச் சீதனமாகக் கொடுப்பர் என்று கூறுகிறது. வயலும் வளவும் நகையும் சீதனமாகும் நாட்டில், நாயும் சீதனமாயிற்று என்பது சிந்திக்கத்தக்க செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடரிடையே ஆராய்ச்சி நடத்தி, 1911ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியரும், அம்மக்கள் தம் நாய்களை மிக உயர்வாக மதித்ததைப் பதிவு செய்துள்ளனர்.

இந்தச் சீதனத்தின் பொருள் யாது? சந்தையில் விலைக்கு வாங்கிய நாய் வெறும் நாய். மாமன் வீட்டிலிருந்து வரும் நாயோ, ஒரு குடும்பத்தின் காட்டறிவோடு வருகிறது. அது எந்த வாடையைத் தொடரும், எப்போது குரைக்கும், எந்த விலங்கைக் கண்டால் ஒதுங்கும் என்பனவற்றை அறிந்தவர் பெண்ணின் தந்தையும் தமையன்மாருமே. மருமகன் ஐயம் தோன்றினால் அவர்களைக் கேட்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆகவே புதிய குடித்தனம் நடத்தத் தொடங்கும் இளைஞனுக்கு நாயும் கிடைத்தது, நாயை ஆளக் கற்பிக்கும் ஆசானும் கிடைத்தான். இவ்விரண்டையும் பிரிக்காமல் கொடுத்ததே அவ்வழக்கத்தின் நுட்பம் எனலாம்.

இரண்டையும் பிரித்தால் என்ன நேரும் என்பதற்கும் இலங்கை வரலாற்றிலேயே சான்று உண்டு. பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848ஆம் ஆண்டு நுவரெலியாவிலே குடியேறும் நோக்கத்தோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். அவரோடு குடியானவர்களும் கால்நடைகளும் மட்டுமன்றி, நரி வேட்டைக்குப் பழகிய உயர்சாதி வேட்டை நாய்க் கூட்டமும் வந்தது. நாய்களில் அவர் கற்றுக்குட்டி அல்லர். ஆனால் இந்த மண்ணுக்கு அவர் புதியவர். இங்கிலாந்தின் புல்வெளியில் நரியைத் துரத்திய நாய்களுக்கு, இங்கே குளிர்ந்த மலைக்காடும், அட்டையும், சிறுத்தையும், நீரோடையில் நின்று கொம்பாலும் குளம்பாலும் எதிர்க்கும் மரையும் காத்திருந்தன. பல நல்ல நாய்கள் மாண்டன. அவற்றின் பெயர்களையும் முடிவுகளையும் பேக்கர் துயரத்தோடு தம் நூல்களில் எழுதி வைத்தார்.

அந்த இழப்பிலிருந்து அவர் கற்ற பாடம் ஒன்றுண்டு. மோப்பம் பிடித்துத் தேடும் நாய் வேறு. ஓடிப் பற்றி நிறுத்தும் நாய் வேறு. ஒரே சாதியில் இவ்விரு குணங்களும் நிறைந்திருப்பது அரிது. எனவே மோப்ப வலிமையுள்ள நாயையும் ஓட்டமுள்ள நாயையும் இணைத்துக் கலப்பினங்களைத் தம் கூட்டத்திற் சேர்த்தார். 1855ஆம் ஆண்டு இலங்கையை விட்டு நீங்கும் வரை அவர் பயின்ற பாடம் இதுவே. ஏழாண்டு உழைப்பும் பெரும் பொருட்செலவும் இதற்கு வேண்டியிருந்தன. அத்தகைய செல்வமும் ஓய்வும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இனிப் பெட்லிங்டன் டெரியரின் பிறப்பை நோக்குவோம். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நோர்தம்பர்லாந்துப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பெட்லிங்டன் என்னும் ஊரின் பெயரையே அந்நாய் தாங்கியுள்ளது. அதற்கு முன் ரொத்பரி டெரியர் என்று வழங்கிய இனத்துக்கு, 1825ஆம் ஆண்டளவில் ஜோசப் எயின்ஸ்லி என்னும் கொத்தனார் இப்பெயரை இட்டார் என்பர். 1877ஆம் ஆண்டு அதற்கெனச் சங்கமும் நிறுவப்பட்டது. அது செல்வர் வளர்த்த நாயன்று. சுரங்கத் தொழிலாளரும் கைவினைஞரும் எலியையும் முயலையும் பிடிக்க வளர்த்த நாய். ஆட்டுக்குட்டி போன்ற சுருண்ட மயிரும், வளைந்த முதுகும், சாதுவான முகமும் காண்போரை மயக்கும். அத்தோற்றத்தின் உள்ளே இருப்பது, ஓடும் சிறு விலங்கைக் கண்டவுடன் பாயும் குணம். பெட்லிங்டன் மக்கள் அதை ஆளக் கற்றது தம் தந்தையரிடமும் அயலவரிடமுமே. வேடரின் சீதன நாய்க்கும் சுரங்கத் தொழிலாளியின் டெரியருக்கும் உள்ள ஒற்றுமை இதுவாகும்.

கலப்பினத்தின் நிலை இன்னும் கடினமானது. பெட்லிங்டனை விப்பெட், கிரேகவுண்ட் முதலிய ஓட்ட நாய்களோடு இணைத்துப் பெறுவதை ஆங்கிலேயர் ‘லேர்ச்சர்’ என்பர். டெரியரின் பிடிவாதமும் ஓட்ட நாயின் வேகமும் ஓருடலிற் கூடுவதால், கைதேர்ந்தவனுக்கு அது அரிய கருவி. புதியவனுக்கோ கையை மீறும் வேகம். கோழியும் ஆட்டுக்குட்டியும் கன்றும் முற்றத்திலேயே திரியும் மட்டக்களப்பு ஊர்களில், அவ்வேகம் அயல் வீட்டோடு பகையை விளைவிக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்று தாயையும் மற்றொன்று தந்தையையும் ஒத்திருக்கும். குட்டியைப் பார்த்தே அதன் குணத்தை அறிவது அனுபவசாலிக்கும் எளிதன்று.

உடல்நலத்தையும் எண்ண வேண்டும். பெட்லிங்டன் இனத்திற் சில நாய்களுக்கு ஈரலிலே செம்பு தேங்கி உயிரைக் குடிக்கும் பரம்பரை நோய் உண்டு. அதற்குக் காரணமான மரபணுக் குறையை அறிவியலாளர் 2002ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர். குட்டியை வாங்குமுன் பெற்றோரைச் சோதித்த சான்றைக் கேட்பது அறிவுடைமை. அதன் மயிர் கொட்டாமல் வளர்வதால் அடிக்கடி கத்தரிக்கவும் வேண்டும். கச்சான் காற்று வீசும் வெப்ப மாதங்களிலும், மாரி மழையில் வயலெல்லாம் நீர் நிற்கும் காலத்திலும் அம்மயிர் சிக்குப்பட்டு, உண்ணிக்கு இடமாகும். எந்த நாயாயினும் நீர்வெறுப்பு நோய்க்குத் தடுப்பூசி இன்றியமையாதது. இலங்கையில் அந்நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது என்பதிலிருந்து அதன் கொடுமையை உணரலாம்.

தொழில் எது என்பதும் மாறிவிட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானுக்கும் மரைக்கும் காவலாயிற்று. 1983ஆம் ஆண்டு மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது, வேடரின் வேட்டை நிலத்திற் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. இன்று படுவான்கரை உழவனுக்கு வேண்டியது துரத்திக் கொல்லும் நாயன்று. இரவில் வயற் காவலுக்கு இருப்பவனுக்குப் பன்றியின் வரவைக் குரைத்து அறிவிக்கும் நாய், மாட்டுப் பட்டியைச் சுற்றிக் காக்கும் நாய். யானையைக் கண்டு வெறிகொண்டு பாயும் நாய், அஞ்சித் திரும்பும்போது யானையையும் எசமானிடமே அழைத்து வரக்கூடும். ஆகவே இங்கே வேகத்தைவிட அடக்கமே பெரிது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் முடிவு தெளிவாகும். பெட்லிங்டன் தீய நாயன்று. நாள்தோறும் நேரம் ஒதுக்கி, அடக்கிப் பழக்கக் கற்றுக்கொள்ளும் புதியவருக்கு அது நல்ல தோழனாகலாம். அதன் வேகக் கலப்புகள் புதியவருக்கு ஏற்றவையல்ல. வாவிக் கரையில் தொழில் நாய் வளர்க்கத் தொடங்குவோர்க்கு, இந்த வெயிலிலும் மழையிலும் பல தலைமுறை பழகிய ஊர் நாயின் குட்டியே முதற் பாடமாக அமையத் தக்கது. அக்குட்டியையும் தெருவில் எடுக்காமல், நல்ல நாய் வைத்திருக்கும் பட்டிக்காரரிடமோ வயற் காவலரிடமோ கேட்டுப் பெறுதல் வேண்டும். பெற்ற பின்னும் அவரிடம் போய்வருதல் வேண்டும்.

வேடரின் சீதன வழக்கம் மங்கி வருகிறது. அதனோடு, நாயை அறிந்த மூத்தோரும் குறைந்து வருகின்றனர். தூரதேசத்துக் குட்டியைப் பணம் கொடுத்தால் வரவழைத்துவிடலாம்; அதை ஆளும் அறிவோ வாவிக் கரையில் வாழும் முதியவர்களோடே இருக்கிறது. நாய்க் குட்டியைத் தேடும் இளைஞர், அதற்கு முன் அம்முதியவரைத் தேடுவாராக.