ரெண்டு இணைப்புகளின் கதை

2003-ல ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் எனக்கு வராமலே போச்சு. காரணம், நண்பர் ஒருத்தர் தங்கை கல்யாண போட்டோக்களை மெயிலில் அனுப்பியிருந்தார். என் இலவச மெயில் பெட்டியோட மொத்தக் கொள்ளளவே 2 எம்பி. பெட்டி நிரம்பி, அடுத்து வந்த கடிதம் வாசலோடு திரும்பிடுச்சு. எனக்குத் தெரியவந்தப்போ தேதி முடிஞ்சிருந்தது. அந்த வயிற்றெரிச்சல்ல இருந்துதான் இந்த எபிசோட்.

மெயில் முதலில் வெறும் எழுத்துக்கான ஏற்பாடு. 1982-ல் வந்த எஸ்எம்டிபி விதிமுறை 7 பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அனுமதித்தது. அதில் தமிழுக்கே இடமில்லை, போட்டோவுக்கு எங்கே போறது? இதை உடைத்தவர்கள் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த நத்தானியல் போரன்ஸ்டீனும், அவரோடு சேர்ந்து எழுதிய நெட் ஃப்ரீடும். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன், தான் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மெயிலில் இணைத்து அனுப்பினார். அந்த முறைக்குப் பெயர் மைம்.

மைம் என்ன பண்ணுதுன்னா, படத்துக்கு எழுத்து வேஷம் கட்டுது. பேஸ்64 முறையில் 3 பைட், 4 எழுத்தாகும். அதாவது கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும். 25 எம்பி வரம்புள்ள ஒரு மெயிலில் 20 எம்பி கோப்புகூட வரம்பைத் தாண்டிடலாம்னு சொல்றது இதனால்தான்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேற. 1992 ஜூனில் வெளியான அதே மைம் ஆவணத்தில், கோப்பை அனுப்பாமல் அது இருக்கும் இடத்தை மட்டும் அனுப்பும் வழியும் எழுதப்பட்டிருக்கு. எஃப்டிபி சர்வர் பெயர், கோப்பின் பெயர், அது எந்தத் தேதி வரை இருக்கும் என்பது வரைக்கும்! தமிழில் அட்டாச்மென்டும் ‘இணைப்பு’, லிங்க்கும் ‘இணைப்பு’. ரெண்டும் ஒரே தாளில் பிறந்திருக்கு. ஒண்ணு உலகம் சுத்துச்சு, இன்னொண்ணு தூங்கிடுச்சு.

ஏன்? கோப்பை வைக்க சர்வர் வேணுமே. பல்கலைக்கழகத்துல இருந்தவங்களுக்கு அது கிடைச்சது. நமக்கு பிரவுசிங் சென்டரும் ஒரு மெயில் ஐடியும்தான். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருவதாகச் சொன்னப்போ, முட்டாள்கள் தின வேடிக்கைன்னே பலரும் நினைச்சாங்க. பெட்டி பெரிசாச்சு, பழக்கம் மாறலை. டிராப்பாக்ஸ், வீடிரான்ஸ்ஃபர் மாதிரி சேவைகள் சர்வரை நமக்கும் இரவல் கொடுத்த பிறகுதான் லிங்க் அனுப்புவது சகஜமாச்சு.

அந்தக் கல்யாண போட்டோக்கள் இன்னும் என்கிட்ட சிடியில் இருக்கு. அதே நண்பர் போன வருஷம் கிரகப்பிரவேசப் படங்களுக்கு லிங்க் அனுப்பினார். பத்து நாள் கழிச்சுத் திறந்தா, காலாவதின்னு வருது. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன். இந்த முறை வந்த உடனே இறக்கி வெச்சுடணும்.