நட்சத்திரமீன் முட்டையும் கோழிமுட்டை வெண்கருவும்: உயிரணுத் துளிகள் பற்றிய கருத்தின் வரலாறு

1899ஆம் ஆண்டில் உயிரணுவின் உட்பொருளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் பீச்சர் வில்சன். 'சயின்ஸ்' இதழில் வந்தது. நட்சத்திரமீன், கடல் முள்ளெலி போன்றவற்றின் முட்டைகளை ஆராய்ந்த அவர், புரோட்டோபிளாசம் பல நீர்மங்களின் கலவை என்றும், வெவ்வேறு வேதித்தன்மை கொண்ட துளிகள் அதில் மிதக்கின்றன என்றும் எழுதினார். மற்றொன்றை எழுதியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வில்லியம் பேட் ஹார்டி. திசுக்களைப் பதப்படுத்த ஆய்வகங்களில் பயன்பட்ட அதே திரவங்களைக் கொண்டு அவர் முட்டை வெண்கருவையும் ஜெலட்டினையும் உறைய வைத்தார். உயிரே இல்லாத அப்பொருள்களிலும், உயிரணுக்களில் கண்டதாகச் சொல்லப்பட்ட வலைப்பின்னல்கள் தோன்றின. அப்படியானால் நுண்ணோக்கியில் தெரிவது உயிரணுவின் அமைப்பா, பதப்படுத்திய திரவத்தின் வேலையா?

இன்று உயிரணுத் துளிகளை ஆராயும் துறையின் மதிப்பாய்வுகள் பலவும் வில்சனை முன்னோடி என்று கொண்டாடுகின்றன. ஹார்டியை நினைவுகூர்பவர் சிலரே. இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரலாறு விளங்கும் என்பது என் கருத்து.

பேசப்படும் நிகழ்வு இதுதான். ரசத்தின் மேல் விட்ட நெய் துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். உயிரணுவுக்குள் சில புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் ஏறக்குறைய இவ்வாறே சுற்றியுள்ள கரைசலிலிருந்து பிரிந்து துளிகளாகத் திரள்கின்றன. நெய்யும் நீரும் ஒட்டாதவை. இங்கோ துளியும் நீர்க்கரைசல், அதன் வெளியும் நீர்க்கரைசல். துளியைச் சுற்றிச் சவ்வு கிடையாது. மூலக்கூறுகள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கின்றன. இதை நீர்ம–நீர்ம நிலைமைப் பிரிதல் என்கிறோம்.

வில்சனுக்கு முன்பே ஹைடல்பெர்க்கில் ஓட்டோ பியூட்ஷ்லி இதை ஒட்டிய ஒரு சிந்தனையில் இருந்தார். ஆலிவ் எண்ணெயைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் குழைத்து நீரில் இட்டு, அமீபாவைப் போல ஊர்ந்து அசையும் நுரைத்துளிகளை அவர் உண்டாக்கினார். 1892இல் நூலாகவும் வெளியிட்டார். 1929இல் நெதர்லாந்தில் ஹ்யூகோ புங்கன்பெர்க் டி யோங்கும் குரைட்டும் கூழ்மக் கரைசல்கள் அடர்துளிகளாகப் பிரிவதற்குக் 'கோஅசர்வேஷன்' என்று பெயரிட்டார்கள். ஜெலட்டினும் கருவேலப் பிசினின் இனமான அரபிப் பிசினும் அந்த ஆய்வுகளின் புகழ்பெற்ற இணை. ரஷ்யாவில் ஓபாரின் அத்துளிகளையே உயிரின் தோற்றத்துக்கு முந்தைய நிலையாகக் கொண்டு 1936இல் விரிவான நூல் எழுதினார். ஆகவே, துளிகள் பற்றிய கருத்து நூறாண்டு முற்றாக மறக்கப்பட்டது என்று சொல்வது சரியன்று. வேதியியலில் அது உயிரோடு இருந்தது. உயிரணுவியலில்தான் இடம் இழந்தது.

இழந்ததற்குக் காரணங்கள் பல. 1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கிக் காட்டியபின், புரதம் என்றால் திட்டவட்டமான உருவம் கொண்ட மூலக்கூறு என்ற பார்வை வேரூன்றியது. 1950களின் இறுதியில் மயோகுளோபினின் முப்பரிமாண வடிவம் வெளியானதும், குழம்பு போன்ற கூழ்மங்களைப் பற்றிப் பேசுவது பழங்காலப் பேச்சாயிற்று. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்ததும் சவ்வுகள் துல்லியமாகத் தெரிந்தன. சவ்வு சூழ்ந்ததே உள்ளுறுப்பு என்ற இலக்கணம் நிலைபெற்றது. உட்கருவினுள் 1830களிலிருந்தே அறியப்பட்ட நியூக்ளியோலஸுக்கும், 1903இல் கஹால் கண்ட சிறு உடலுக்கும் சவ்வு இல்லை. அவை விதிவிலக்குகளாக ஒதுங்கி நின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரியைப் பதப்படுத்தி, நீரகற்றி, மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். அசைவற்ற அந்தப் படத்தில், ஒரு மணி திரவமா திண்மமா என்ற கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

கேள்வி வேறோரிடத்தில் கேட்கப்பட்டது: கண்ணில். இளம் எலியின் கண்வில்லையைக் குளிர்வித்தால் அது வெண்மையாக மங்கும். சூடுபடுத்தினால் மீண்டும் தெளியும். 1977இல் டொயோய்ச்சி டனாக்காவும் வேறு இருவரும் 'சயின்ஸ்' இதழில் இந்தக் குளிர்க்கண்புரையைப் புரத–நீர்க் கலவையின் நிலைமைப் பிரிதல் என்று விளக்கினார்கள். உயிருள்ள திசுவின் புரதங்களுக்கு இயற்பியலின் நிலைமை வரைபடம் பொருந்தும் என்பதற்கு அது தெளிவான சான்று. எனினும் கண்மருத்துவம் சார்ந்த செய்தியாகவே அது நின்றுவிட்டது. 1995இல் ஹாரி வால்ட்டரும் டொனால்ட் புரூக்ஸும் சைட்டோபிளாசத்தின் உட்பிரிவுகளுக்கே நிலைமைப் பிரிதல்தான் அடிப்படை என்று எழுதியபோதும் பெரிய அசைவு ஏற்படவில்லை.

திருப்பம் 2009இல் வந்தது. சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவின் ஒற்றைச்செல் கருவில் 'பி மணிகள்' உண்டு. சந்ததிச் செல்களாகப் போகும் பின்பக்கத்தில்தான் அவை சேர்கின்றன. 1982இலேயே சூசன் ஸ்ட்ரோமும் வில்லியம் வுட்டும் அதைக் காட்டியிருந்தார்கள். அவை எப்படி அங்கே போகின்றன? சைட்டோபிளாசத்தின் ஓட்டம் அடித்துச் செல்கிறது என்பது இயல்பான ஊகம். டிரெஸ்டனில் ஆன்டனி ஹைமனின் ஆய்வகத்தில் கிளிஃபர்ட் பிராங்வின், இயற்பியலாளர் ஃபிராங்க் யூலிஷர் முதலியோருடன் சேர்ந்து, உயிருள்ள கருவில் மணிகளைக் கணக்கெடுத்தார். ஓட்டத்தால் மணிகள் ஒருபக்கமாகக் குவியவில்லை. முன்பக்கத்து மணிகள் கரைந்தன. பின்பக்கத்தில் புதியவை திரண்டன. பனி ஓரிடத்தில் ஆவியாகி வேறோரிடத்தில் படிவதைப் போன்றது அது.

அடுத்து அவர்கள் செய்த சோதனை எளிமையானது. அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. புழுவின் இனப்பெருக்கத் திசுவை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து நெருக்கினார்கள். உட்கருக்களின் மேல் ஒட்டியிருந்த பி மணிகள் வழிந்தன, சொட்டின, ஒன்றோடொன்று சேர்ந்தன. திண்மம் அப்படி நடக்காது. அவற்றின் பிசுபிசுப்பு நீரினதைப் போல் சுமார் 1000 மடங்கு என்றும் மதிப்பிட்டார்கள். 2011இல் பிராங்வின், மிட்சிசன், ஹைமன் மூவரும் தவளை முட்டையின் நியூக்ளியோலஸும் இவ்வாறே இணைவதைக் காட்டினார்கள். அங்கே பிசுபிசுப்பு நீரைவிடப் பத்து லட்சம் மடங்கு.

ஏன் பிரிகின்றன என்பதற்கு 2012இல் விடை கிடைக்கத் தொடங்கியது. டல்லஸில் மைக்கேல் ரோசனின் குழு, பல 'கைகள்' கொண்ட இரண்டு வகைப் புரதங்களைக் கலந்தது. ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வானது. ஆனால் கைகளின் எண்ணிக்கை கூடக்கூடக் குறைந்த செறிவிலேயே துளிகள் தோன்றின. நிலையான வடிவமற்ற புரதப் பகுதிகளும், அதே ஊரில் ஸ்டீவன் மெக்நைட்டின் ஆய்வுகள் வழியாக, அதே ஆண்டில் கவனத்துக்கு வந்தன. பூட்டும் சாவியுமாகவே புரதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தளர்வான பிடிகளின் கூட்டமே ஓர் அமைப்பைத் தரும் என்பது கடினமான பாடம். 2015இல் சைமன் ஆல்பர்ட்டி முதலியோர் எஃப்.யூ.எஸ். புரதத்தின் துளிகள் நாளாக நாளாக இறுகி இழைகளாவதையும், ஏ.எல்.எஸ். என்ற நரம்புநோய் உள்ளவர்களிடம் காணப்படும் ஒரு மரபணுப் பிறழ்வு அதை விரைவுபடுத்துவதையும் காட்டினார்கள். நரம்புநோய் ஆய்வாளர் பலரின் கவனம் இப்பக்கம் திரும்பியது. 2017இல் 'உயிர்மூலக்கூற்றுத் திரள்கள்' என்ற பொதுப்பெயர் பரவியது.

அதன்பின் எங்கு வட்டமான புள்ளி தெரிந்தாலும் துளி என்று அறிவிக்கும் வேகம் தொற்றிக்கொண்டது. 2019இல் பெர்க்லியில் சேவியர் டார்சாக், ராபர்ட் ஜியன் ஆகியோருடன் மெக்ஸ்விகன் தந்த எடுத்துக்காட்டு நின்று கவனிக்கத்தக்கது. ஹெர்பஸ் வைரஸ் பெருகும் இடங்கள் செல்லின் உட்கருவில் வட்டமாக இருக்கின்றன, ஒன்றோடொன்று இணையவும் செய்கின்றன. ஆனால் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தபோது, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அங்கே சேர்வதற்குக் காரணம், புரதக் கட்டின்றித் திறந்து கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ.வில் அது ஒட்டிக்கொள்வதே என்று தெரிந்தது. நிலைமைப் பிரிதல் தேவைப்படவில்லை. சோதனை முறைகளிலும் சிக்கல் உண்டு. துளிகளைக் கரைத்துச் சோதிக்கப் பயன்படும் ஹெக்சேன்டையால் நொதிகளின் செயலையும் பாதிக்கிறது. செல்லில் இயல்பை மீறி ஒளிர்புரதத்தைப் பெருக்கினால், செறிவு கூடியதாலேயே துளி தோன்றலாம்.

2022இல் கலிஃபோர்னியாவில் ஷாஷா சோங்கின் குழு ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தது. ஒளிரும் புரதங்கள் கொண்ட செல்களை உயிரோடு படமெடுத்து, பின்னர் வழக்கமான பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி மறுபடியும் படமெடுத்தது. சில புரதங்களின் துளிகள் பெருகித் தெரிந்தன, சிலவற்றின் துளிகள் குறைந்தன. உயிருள்ள செல்லில் துளியே இல்லாத சிலவற்றில் புதிதாகப் புள்ளிகள் முளைத்தன. ஹார்டி வெண்கருவில் கண்ட வலைப்பின்னல்களுக்கு அப்போது 123 வயது.