சட்டைக் கையில் ஒரு சரித்திரம்

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் ஒரு மீனவப் பையனிடம் கயிற்றைக் கொடுத்துப் பாருங்கள். எங்கோ பராக்குப் பார்த்தபடியே படகைக் கட்டிவிடுவான். அதற்காக அவனுக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட முடிச்சைக்கூட மதித்து, 'சபாஷ்டா தம்பி' என்று தட்டிக்கொடுத்து, சட்டையில் ஒரு சின்னம் குத்திவிட்ட இயக்கம் ஒன்று உண்டு. சாரணர் இயக்கம்!

எல்லாம் ஒரு முற்றுகையில் ஆரம்பித்தது. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம், 1899-1900. போயர் படை 217 நாட்கள் சுற்றி வளைத்திருந்தது. உள்ளே ஆள் பற்றாக்குறை. பொடிப் பையன்கள் குண்டுமழைக்கு நடுவே கடிதம் சுமந்து ஓடினார்கள். நகரைக் காத்த தளபதி பேடன் பவல் அதை மறக்கவில்லை. 1907-ல் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களோடு முகாம் போட்டார். மேட்டுக்குடிப் பள்ளி மாணவர்களும் சாதாரண வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில்!

மறு வருஷம் புத்தகம் வந்தது. படிநிலைகளும் வந்தன. இரண்டாம் வகுப்புச் சாரணனாக வேண்டுமா? இரண்டே தீக்குச்சியில் அடுப்பு பற்றவைக்கணும். வங்கியில் ஆறு பென்ஸ் சேமிப்பு இருக்கணும். முதல் வகுப்புக்கு 50 கஜம் நீச்சல். அதோடு, ஒரு புதுப் பையனைத் தானே பயிற்சி கொடுத்து அழைத்து வரணும். அதாவது, இன்னொருத்தனை ஏற்றிவிடாமல் நீ ஏற முடியாது. ராஜா பெயரில் 'கிங்ஸ் ஸ்கவுட்' பட்டம் அதற்கும் மேலே.

1909-ல் கேப்டன் பேக்கர் பெங்களூரில் இந்தியாவின் முதல் படையைத் தொடங்கினார். ஆனால் அது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். நம்ம பையன் எவ்வளவு நன்றாக முடிச்சுப் போட்டாலும் வாசலுக்கு வெளியேதான்! திறமையைச் சோதிக்கும் முன்பே தோலைச் சோதித்துவிட்டார்கள்.

சும்மா இருப்பாரா அன்னிபெசன்ட் அம்மையார்? அருண்டேலோடு சேர்ந்து சென்னையிலேயே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, நம்ம ஊர்ப் பாட்டு. 1917-ல் சுயாட்சி கேட்டதற்காக இருவரையும் அரசாங்கம் காவலில் வைத்தது. 1918-ல் மாளவியா, குன்ஸ்ரூ, பாஜ்பாய் ஆகியோர் வடக்கே சேவா சமிதி சாரணர் சங்கம் கண்டார்கள்.

1921-ல் பேடன் பவலே இந்தியா வந்தார். பெசன்ட் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. கதவு திறந்தது. 1932-ல் பிரிட்டிஷ் சாரணர் சங்கத்தின் உயர்ந்த விருதான 'வெள்ளி ஓநாய்' பெசன்ட்டுக்கே வந்தது. ஒரு காலத்தில் சிறைவைக்கப்பட்டவருக்கு!

காயம் முழுசாக ஆறிவிடவில்லை. 1937-ல் டெல்லியில் பெருவிழா. 80 வயது பேடன் பவல் வந்துபோனார். இந்தியர்களின் குணத்தைக் குறைவாகப் பேசினார் என்ற கோபத்தில், 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகக் கிளம்பியது.

சுதந்திரம் வந்தபிறகுதான் பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951-ல் சாரணியரும் இணைந்தார்கள். இன்று பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று படியேறிப் போனால் உச்சியில் ராஷ்டிரபதி விருது. ராஜா இருந்த இடத்தில் குடியரசுத் தலைவர்!

உங்கள் வீட்டுப் பிள்ளை சட்டையில் ஒரு சின்னத் துணிச் சின்னத்தோடு வந்து நின்றால், 'மார்க்குக்கு உதவுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் துண்டுத் துணியைத் தொடக்கூட உரிமையில்லாமல் நம்ம பிள்ளைகள் வெளியே நின்ற காலம் ஒன்று இருந்தது.