குழியில் கால், கம்பியில் கை

அப்பா காஞ்சிபுரத்தில் குழித்தறி நெய்தவர். காற்று காய்ந்த நாட்களில் பாவு இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிலிர்த்து நிற்கும், அறுந்தும் போகும். "பட்டுக்குக் கோபம் வந்துடுச்சு" என்று குழிக்குள் தண்ணீர் தெளிப்பார். மண் ஈரத்தில் இழை அடங்கிவிடும். அந்தக் கோபத்துக்கு நிலைமின்சாரம் என்று பெயர் இருப்பது எனக்கு 2006-ல்தான் தெரிந்தது.

அந்த ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலே ஹூண்டாய் கார் தயாராகிக்கொண்டிருந்தது. செல்போன் வந்த பிறகு, பிளஸ் டூ முடித்த பெண்களையும் கம்பெனி பஸ் ஊர் ஊராக ஏற்றிவந்தது. நான் சேர்ந்தது சர்க்யூட் போர்டு பூட்டும் ஒரு சின்ன கம்பெனி.

முதல் நாள் பயிற்சியாளர் செலோ டேப்பைச் சர்ரென்று உரித்து மீட்டரருகே காட்டினார். எண் ஆயிரங்களுக்கு எகிறியது. ஒட்டியவை பிரியும்போது ஒன்றின் எலக்ட்ரான் மற்றதோடு போய்விடுகிறது. நடக்கும் செருப்பும் தரையும் அப்படித்தான். சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் நம் விரல் சுரீர் என்னும்; சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். வெளியே கடல்காற்றின் ஈரம் மின்னூட்டத்தை வடியவிடும். உள்ளே ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அதனால் மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். அதன் கம்பி எர்த்துக்குப் போகும். நடுவே பத்து லட்சம் ஓம் மின்தடை. தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் உடம்பில் கால் மில்லி ஆம்பியர்கூட ஓடாது. தினமும் சோதனைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால்தான் லைனுக்குள் விடுவார்கள்.

ஒருமுறை தொப்பியைச் சரிசெய்ய ஸ்ட்ராப்பைக் கழற்றியவள், திரும்ப மாட்ட மறந்து ஒரு போர்டைத் தொட்டுவிட்டேன். அது சோதனையில் தேறிவிட்டது. சூப்பர்வைசர் அப்படியும் தனியே எடுத்து வைத்தார். "செத்தா தெரிஞ்சிடும். அரைக்காயம் பட்டா, வாங்கினவன் கையிலதான் சாகும்" என்றார்.

"கம்பியில கட்டிப்போட்டா வேலை வாங்குறாங்க?" என்று அப்பா கேட்டார். "நீங்க மட்டும் மண்ணுக்குள்ள கால விட்டுத்தானே நெய்யிறீங்க" என்றேன்.

2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை நின்றது. அதை நம்பியிருந்த எங்கள் லைனும் ஓய்ந்தது. அப்பாவின் தறியையும் பிரித்தாயிற்று. குழியை மூடிச் சிமெண்ட் பூசிவிட்டோம். இப்போது அண்ணன் மகள் ஐபோன் லைனுக்குப் போகிறாள். விடியலில் அந்தச் சிமெண்ட் தரையில் நின்றுதான் கம்பெனி பஸ்ஸுக்குத் தலை பின்னுகிறாள். காய்ந்த நாளில் சீப்போடு முடி எழும்பினால் அப்பா இன்னமும் சொல்கிறார்: "கோபம் வந்துடுச்சு, தண்ணி தொட்டு சீவு."