செப்பனிட்டவர் பெயர்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் தவறாது காணும் பழைய மாளிகையை மக்கள் டச்சு அரண்மனை என்றே அழைக்கின்றனர். ஆனால் அதனைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் பழுது பார்த்துப் புதுப்பித்தனர். கட்டியவர் பெயர் மறைந்து, செப்பனிட்டவர் பெயரே நிலைத்தது. அதே டச்சு நாட்டில், பழுது பார்க்கப் புகுந்து அறுவை மருத்துவத்துக்கே கண் அளித்த நிறுவனம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

பிலிப்ஸ் என்றால் நம்மில் மூத்தோருக்கு நினைவில் வருவது வானொலிப் பெட்டி; ஏனையோருக்கு மின்விளக்கு. ஜெரார்டு பிலிப்ஸ் தம் தந்தையாரின் துணையுடன் 1891-இல் ஐந்தோவன் நகரில் நிறுவியது விளக்குத் தொழிற்சாலையே. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895 நவம்பரில், ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். அக்கதிர் பிறப்பதும் காற்று நீக்கிய கண்ணாடிக் குழலில்தான். எனினும் ஐந்தோவன் அப்போது விளக்கோடு நின்றது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. டச்சு நாடு போரில் சேரவில்லை. ஆயினும் அதன் மருத்துவமனைகளில் இருந்த எக்ஸ்-கதிர்க் குழல்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. பழுதானால் அங்கேயே அனுப்ப வேண்டும். போர் அந்த வழியை அடைத்தது. கண்ணாடியை ஊதவும், உள்ளிருக்கும் காற்றை நீக்கவும் அறிந்த தொழிலாளர் எங்கே உள்ளனர்? விளக்குத் தொழிற்சாலையில்! பழுதான குழல்கள் ஐந்தோவனுக்கு வந்தன. பிறர் செய்த பொருளைப் பிரித்துப் பார்த்தவர்கள், அது எங்கே விரிசல் விடுகிறது, எதனால் கெடுகிறது என்பதைக் கற்றனர். 1918-இல் தாமே செய்த குழலை வெளியிட்டனர்.

அக்காலத்துக் குழல்களின் பெருங்குறை யாதெனின், கதிர் எல்லாத் திசையிலும் சிதறியதே. நோயாளியைக் காக்க முனைந்த மருத்துவரும் உதவியாளரும் விரல்களை இழந்தனர். புற்றுநோயால் பலர் மாண்டனர். அவ்வாறு உயிர் நீத்தோருக்கு 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பிலிப்ஸின் ஆய்வாளர் பவ்வர்ஸ் 1920-களில் கண்ணாடியையும் உலோகத்தையும் இணைத்து, குறித்த வாயில் வழியே மட்டும் கதிர் வெளிவரும் குழலை அமைத்தார். மெட்டாலிக்ஸ் என்பது அதன் பெயர்.

இனி அறுவைக் கூடத்துக்கு வருவோம். முறிந்த எலும்பில் ஆணி பொருத்தும் மருத்துவர், அது நேராகச் சென்றதா என்பதை அறியப் படம் எடுத்து, அதனைக் கழுவும் வரை காத்திருந்தார். ஒளிர்திரையில் உடனே பார்க்கலாம். ஆனால் திரை மிக மங்கல். இருட்டறை வேண்டும், கண் பழகுவதற்காகச் சிவப்புக் கண்ணாடி அணிந்து முன்னதாகவே காத்திருக்கவும் வேண்டும். 1948-இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கோல்ட்மனும், 1950-களின் தொடக்கத்தில் பிலிப்ஸின் ஆய்வாளரும் இத்துன்பத்துக்கு விடை கண்டனர். அதுவே உருவ வலுவாக்கி. அதில் கதிர் தரும் மங்கிய ஒளி மின்னணுக்களாக மாறுகிறது. உயர் மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்திச் சிறு திரையில் குவிக்கிறது. உருவம் பல நூறு மடங்கு பிரகாசிக்கிறது.

1955-இல் பிலிப்ஸ் இந்த வலுவாக்கியையும் கதிர்க் குழலையும் ஒரு வளைந்த கையின் இரு முனைகளில் பொருத்தியது. ஆங்கில எழுத்து 'சி' போன்ற வடிவால் அது சி-ஆர்ம் எனப் பெயர் பெற்றது. மேசைமேல் கிடக்கும் நோயாளியை அசைக்காமல், கையைச் சுழற்றியே எலும்பைப் பல கோணத்திலும் காண முடிந்தது. இன்று எலும்பு முறிவு மருத்துவம் நடைபெறும் கூடங்களில் பல நிறுவனங்களின் சி-ஆர்ம்கள் நிற்கின்றன.

இந்நிறுவனம் 1930-இல் கல்கத்தாவில் கால் ஊன்றியது. 2008-இல் மும்பையின் ஆல்பா எக்ஸ்-ரே நிறுவனத்தை வாங்கியது. 2016-இல் தன் விளக்குத் தொழிலைப் பிரித்துவிட்டது. 2021-இல் வீட்டுக் கருவித் தொழிலை விற்றுவிட்டது. பிறந்த தொழில் போயிற்று. பழுது பார்க்கப் போய்க் கைவந்த தொழிலே இன்று முதன்மையாய் நிற்கிறது.

விலையுயர்ந்த கருவியை வாங்கிவிடலாம். அது நின்றுபோனால் திறந்து பார்க்கும் கை அருகில் இல்லையேல், மேசைமேல் கிடக்கும் நோயாளிக்கு அதனால் யாது பயன்? பிற மாநிலங்களுக்கு வந்து, பட்டறைகளிலும் பணிமனைகளிலும் பிறர் செய்த பொறிகளைச் செப்பனிட்டு வாழும் நம்மவர் பலர். அத்தொழிலைச் சிறிதென்று கருதுவோருக்கு ஐந்தோவனின் வரலாறு தக்க விடையாகும்.